கொன்ட்ரோல்-சி அழுத்தினால் யார் நிற்பது? லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்த பாமினி மாற்றி: ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்து அச்சகங்களின் பழைய வன்தட்டுகளில் நினைவு மலர்கள், கோயில் மகோற்சவ மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள் எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகளாக, ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றின் பாடத்தை யுனிகோடுக்கு மாற்றி, தேடக்கூடிய சுட்டியும் அமைக்கும் கட்டளைவரிச் செய்நிரல் ஒன்று சி மொழியில் லினக்ஸுக்காக எழுதப்பட்டது. நகரத்து அச்சகம் ஒன்றில் உள்ள கணினிகள் எல்லாம் விண்டோஸ். அதனால் செய்நிரல் மின்ஜிடபிள்யூ தொகுப்பியால் விண்டோஸுக்குக் கொண்டுவரப்பட்டது. ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் தொகுப்பானது. மாற்றமும் சரியாகவே நடந்தது. பிழை நேர்ந்தது ஒரே ஓர் இடத்தில்: நடுவில் நிறுத்தும்போது.

நடுவில் நிறுத்துவது இங்கே அரிதான காரியம் அல்ல. கரண்ட் போய் யூபிஎஸ் கத்தத் தொடங்கினால், கணினியை ஒழுங்காக மூட ஒரு சில நிமிடங்களே கிடைக்கும். வேலை செய்பவர் கொன்ட்ரோல்-சி அழுத்துவார். செய்நிரல் கையிலுள்ள கோப்பை விட்டு, சுட்டியைச் சேதமில்லாமல் மூடி, வெளியேற வேண்டும். லினக்ஸில் அப்படித்தான் நடந்தது. விண்டோஸில் சில வேளை தற்காலிகக் கோப்புகள் மிஞ்சின, சில வேளை செய்நிரல் முறிந்து விழுந்தது. எல்லாவற்றையும்விடக் கெட்டது, சில வேளை எதுவுமே நடக்காததுபோல் "வேலை முடிந்தது" என்று எழுதிவிட்டு வெளியேறியது.

லினக்ஸில் நடப்பது

சமிக்ஞை என்பது ஓடும் செய்நிரலுக்கு முறைமை அனுப்பும் அறிவித்தல். விசைப்பலகை சமிக்ஞை எதையும் அனுப்புவதில்லை. கொன்ட்ரோல்-சி முனையத்துக்குப் போவது 3 என்ற பைட்டாக. முனையத்தின் இயக்கி அந்தப் பைட்டைக் கண்டதும், முனையத்தின் முன்னணிச் செயன்முறைக் குழுவுக்கு, அதாவது அங்கே முன்னணியில் ஓடும் செய்நிரல்களுக்கு, சிக்இன்ட் என்னும் 2ஆம் எண் சமிக்ஞையை அனுப்புகிறது. ஒற்றை இழையில், அதாவது ஒரே கட்டளை ஓட்டத்தில், ஓடும் செய்நிரலில், ஓடிக்கொண்டிருக்கும் அந்த இழையே இடையில் நிறுத்தப்பட்டு, சமிக்ஞைக்கென்று பதிந்துவைத்த கையாளிச் சார்பை அதே இழை ஓட்டிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. வாசிப்பிலோ உறக்கத்திலோ காத்திருந்தால், அந்தக் காத்திருப்பு "இடையீடு நேர்ந்தது" என்ற பிழையுடன் கலைகிறது. வாசிப்பைத் தானாகத் தொடங்கும் தெரிவைக் கையாளியைப் பதியும்போது கேட்டிருந்தால் மட்டும் வாசிப்பு கலையாது.

இந்தச் செய்நிரல் அந்தத் தெரிவைக் கேட்கவில்லை. கையாளி ஒரு கொடியை உயர்த்தும். சந்தேகமான எழுத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுக் காத்திருக்கும் வேளையானால், முன்பே குறித்துவைத்த இடத்துக்குத் தாவச்செய்யும் சிக்லோங்ஜம்ப் சார்பின் மூலம் பட்டியலுக்குத் தாவும். இரண்டாம் முறை அழுத்தினால் தற்காலிகக் கோப்பை நீக்கிவிட்டு 130 என்ற குறியீட்டுடன் வெளியேறும். 128உடன் சமிக்ஞை எண் 2ஐக் கூட்டி வரும் எண் அது. லினக்ஸ் பின்பற்றும் யுனிக்ஸ் உலகில் பழகிப்போன, நல்ல வடிவம்தான்.

விண்டோஸில் நடப்பது

விண்டோஸின் கட்டளைவரிச் சாளரமான கொன்சோல் அந்த விசை அழுத்தலைப் பிடித்து ஒரு நிகழ்வாக்குகிறது. அதுவரை ஒப்புமை உண்டு. அதன் பிறகு இல்லை. அந்தக் கொன்சோலுடன் இணைந்துள்ள ஒவ்வொரு செயன்முறைக்குள்ளும் பணிசெயல் முறைமை ஒரு புதிய இழையை உருவாக்கி, கையாளியை அந்தப் புதிய இழையில் ஓட்டுகிறது. பிரதான இழை நிற்பதில்லை, தன் பாட்டில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. லினக்ஸில் வேலை செய்பவரின் தோளைத் தட்டி எழுப்புகிறார்கள். விண்டோஸில் அவரை அப்படியே வேலை செய்யவிட்டு, பக்கத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து இருத்துகிறார்கள்.

சிக்இன்ட் சமிக்ஞையை விண்டோஸ் செய்நிரல்கள் எதிலும் தாம் ஆதரிப்பதில்லை என்றும், கொன்ட்ரோல்-சி வந்தால் ஒற்றை இழைச் செய்நிரல் பல இழைச் செய்நிரலாகிவிடும் என்றும் மைக்ரோசொஃப்ட்டின் சி நூலக ஆவணமே எச்சரிக்கிறது. ஆனாலும் கையாளியைப் பதியும் சிக்னல் என்ற சார்பு அங்கே இருக்கிறது, அழைத்தால் வேலை செய்வதுபோலத் தோன்றுகிறது. கொண்டுவருபவர்கள் ஏமாறுவது அங்கேதான். இந்தச் செய்நிரலிலும் சிக்அக்‌ஷன் இருந்த இடத்தில் சிக்னல், சிக்லோங்ஜம்ப் இருந்த இடத்தில் லோங்ஜம்ப், உறக்கத்துக்கு விண்டோஸின் ஸ்லீப் என்று ஒன்றுக்கு ஒன்று மாற்றப்பட்டிருந்தது. பெயர்கள் பொருந்தின, பொருள் பொருந்தவில்லை.

முன்னர் இதே வேலையைச் செய்தவர்கள் இந்த இடத்தில் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைப் பார்த்தால் சிக்கலின் கனம் புரியும். விண்டோஸுக்கு முந்திய டோஸ் முறைமைக்கு யுனிக்ஸ் செய்நிரல்களைக் கொண்டுபோன டிஜேஜிபிபி என்னும் தொகுப்பி, கொன்ட்ரோல்-சி வந்ததும் செய்நிரலின் தரவுப் பகுதியின் எல்லையைச் சுருக்கிவிடும். செய்நிரல் அடுத்த முறை நினைவகத்தைத் தொட்டதும் தவறு நேரும். அந்தத் தவறின் வழியே சமிக்ஞையைச் செய்நிரலின் சொந்தச் சூழலில் கையாளுவார்கள். விண்டோஸில் யுனிக்ஸ் சூழலைத் தரும் சிக்வின், தனியொரு இழையில் சமிக்ஞைகளைப் பெற்று, பிரதான இழையைத் தற்காலிகமாக நிறுத்தி, அதன் ஓட்டத்தைக் கையாளிக்குத் திருப்பிவிடுகிறது. இருவரும் தேடியது ஒன்றையே: கையாளி ஓடவேண்டியது வேலை செய்யும் இழையில்.

மறைந்து நின்ற பிழை

பாமினியில் ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டும் ள என்ற எழுத்தும் ஒரே விசை. எனவே "கௌரி" என்பதும், க-வுக்கு ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டிய "கெளரி" என்பதும் மூலக் கோப்பில் ஒன்றே. ளகரத்தின் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் சந்தேகமில்லை. "தெளிவு", "கெளிறு", "வெள்ளி" என்பவற்றைச் செய்நிரல் தானே தீர்மானிக்கும். வெறும் ளகரம் வந்தால் ஆளைக் கேட்கும். உள்ளீடு தீர்ந்துவிட்டால், அதாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல், இன்னொரு செய்நிரலின் வெளியீட்டை உள்ளீடாகத் தரும் குழாய் வழியே ஓடும்போது, மிச்சச் சொற்களை இருந்தபடியே விட்டுக் கோப்பை முடிக்கும்.

இந்தக் கேள்வியில் நிற்கும்போது கொன்ட்ரோல்-சி அழுத்தினால் என்ன ஆகிறது? கொன்சோலிலிருந்து வாசிக்கும் விண்டோஸ் சார்புகளான ரீட்ஃபைல், ரீட்கொன்சோல் இரண்டும் பிழை என்று திரும்புவதில்லை. வெற்றி என்று திரும்புகின்றன, வாசித்த பைட்டுகள் பூச்சியம். கடைசிப் பிழை எண்ணைக் கேட்டால் மட்டும் 995, அதாவது "செயற்பாடு கைவிடப்பட்டது", என்று வரும். செய்நிரல் பதிலை வாசிக்கப் பயன்படுத்திய, சி நூலகத்தின் எஃப்கெட்ஸ் சார்பு இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. வெற்றி, பூச்சியம் பைட்டு என்றால் அதற்கு அது கோப்பின் முடிவு.

ஆகவே நிறுத்தச் சொன்ன கட்டளையைச் செய்நிரல் "இனிப் பதில் வராது, மிச்சத்தை நீயே முடி" என்று எடுத்துக்கொண்டது. அந்த மலரின் மிச்சப் பெயர்கள் எல்லாம் "கெளரி", "செளந்தரம்" என்றே நின்றன. கோப்பு முடிந்ததாகச் சுட்டியில் பதிந்தது. வெளியேறும் குறியீடு 0. திரையிலோ அச்சிலோ பார்த்தால் இரண்டு வடிவமும் ஒன்றுபோலவே தெரியும். கௌரி என்று தேடினால்தான் கிடைக்காது. அம்மம்மாவின் பெயரைப் பழைய நினைவு மலரில் தேடிவரும் பேரப்பிள்ளைக்கு "இல்லை" என்ற பதில் வரும். முறிந்து விழும் செய்நிரலைவிட இது மோசமானது. முறிவு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வாசிப்பு திரும்புவதும் கையாளி இழை ஓடத் தொடங்குவதும் இரு வேறு இழைகளின் காரியங்கள். எது முந்தும் என்று உறுதியில்லை. வாசிப்பு திரும்பிய கணமே கொடியைப் பார்த்தால், கொடி இன்னும் உயராமல் இருக்கலாம். சோதனையில் பத்துத் தடவை சரியாக நடந்து, பதினோராம் தடவை தவறுவது இதனால்தான்.

மற்றப் பிழைகள்

லோங்ஜம்ப் முறிவுக்குக் காரணம் வெளிப்படை. தாவவேண்டிய இடம் பிரதான இழையின் அடுக்கில், அதாவது அந்த இழைக்கே உரிய நினைவகப் பகுதியில், பதிவானது. தாவுவதோ கையாளி இழையிலிருந்து. ஓர் இழையின் அடுக்குக்கு இன்னோர் இழை தாவ முடியாது. இதற்குச் சின்னத் திருத்தம் கிடையாது, தாவலையே எடுத்துவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் கட்டளைவரிச் செய்நிரலான பிசீக்வெல், யுனிக்ஸில் உள்ளீட்டிலிருந்து தாவி வெளியேறுகிறது. அதன் விண்டோஸ் வடிவத்தில் அந்தத் தாவல் இல்லை.

இரண்டாம் அழுத்தலுக்குச் செய்நிரல் துப்புரவு செய்யாமலே மடிந்தது. மைக்ரோசொஃப்ட் நூலகம் கையாளியை அழைக்குமுன் அந்தச் சமிக்ஞையின் நடத்தையை இயல்புநிலைக்கு மீட்டுவிடும். கையாளிக்குள் மறுபடி பதியாவிட்டால் அடுத்த அழுத்தல் இயல்புக் கையாளிக்கே போகும். அது செயன்முறையை முடித்துவிடும். மூலநிரல் லினக்ஸில் பயன்படுத்திய சிக்அக்‌ஷன், கேட்டாலன்றி அப்படி மீட்பதில்லை என்பதால் மூலத்தில் இது தெரியவரவில்லை.

மறுபடி பதிந்தாலும் தற்காலிகக் கோப்பு மிஞ்சியது. கையாளி இழை அன்லிங்க் என்ற சார்பால் கோப்பை நீக்க முனையும்போது, பிரதான இழை அதே கோப்பைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருக்கிறது. யுனிக்ஸில் திறந்திருக்கும் கோப்பையும் நீக்கலாம். விண்டோஸில், நீக்கலைப் பகிர அனுமதித்துத் திறந்திருந்தாலன்றி, பகிர்வு மீறல் என்று 32ஆம் எண் பிழை வரும். மூலநிரல் அன்லிங்க்கின் விடையைப் பார்க்கவில்லை. அதோடு, கையாளி இழை எக்சிட் அழைத்தால், வெளியேறும்போது ஓடவேண்டிய துப்புரவுச் சார்புகள் பிரதான இழை சுட்டியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓடும். சுட்டிக் கோப்பு பாதியில் அறுந்து கிடந்தது அப்படித்தான். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டுகள். அறுந்த சுட்டியின் கடைசி எழுத்து 1 அல்லது 2 பைட்டோடு நின்றிருந்தால் அறுந்தது அங்கே என்று உடனே தெரியும்.

புதிய கோப்புகளுக்காக 30 விநாடி உறங்கி எழும் கண்காணிப்பு முறையில், கொன்ட்ரோல்-சிக்குப் பதில் வர 30 விநாடி ஆனது. ஸ்லீப் கலையாது, கலைக்க வேறு இழைக்கு வழியும் இல்லை.

கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த தொகுதிக் கோப்பு வழியே ஓட்டும்போது ஒரு கூட்டுப் பிழை. கொன்ட்ரோல்-சி, அந்தக் கோப்பை ஓட்டும் விண்டோஸ் கட்டளைச் செய்நிரலான சிஎம்டிக்கும் போகிறது. அது தொகுதி வேலையை முடிக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்கும். "இல்லை" என்று பதில் சொன்னால் அடுத்த வரிக்குப் போகும். அடுத்த வரி, மாற்றி முடித்த கோப்புகளை வேறு அடைவுக்கு நகர்த்துவது. அதற்கு முன் பிழைநிலை 1 அல்லது அதற்கு மேலா என்ற சோதனை இருந்தது. இயல்புக் கையாளியால் முடிந்த செயன்முறையின் குறியீடு -1073741510. எதிர்ம எண் 1ஐவிடச் சிறியது. சோதனை "பிழையில்லை" என்றது. கோப்புகள் நகர்ந்தன.

திருத்தம்

சிக்னல் சார்பு முழுவதும் எடுக்கப்பட்டு, கொன்சோல் நிகழ்வுக்குக் கையாளி பதியும் விண்டோஸின் சொந்தச் சார்பான செட்கொன்சோல்கொன்ட்ரோல்ஹாண்ட்லர் நேரடியாக அழைக்கப்பட்டது. எந்தக் கோப்பையும் திறக்குமுன் அழைக்க வேண்டும். கையாளிகள் கடைசியாகப் பதிந்ததிலிருந்து பின்னோக்கி அழைக்கப்படுகின்றன. பிறகு ஏற்றப்படும் நூலகம் ஏதும் தன் கையாளியைப் பதிந்தால் அது முந்திக்கொள்ளும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கையாளியின் வேலை இரண்டே: இடையில் வேறு இழை குறுக்கிட முடியாத அணுநிலைக் கூட்டலால் ஓர் எண்ணியை ஒன்று உயர்த்துவது, காத்திருக்கும் இழையை எழுப்பப் பயன்படும், கைமுறையாக மீட்கும் வகை நிகழ்வுப் பொருள் ஒன்றை எழுப்புவது. பிறகு "உண்மை" என்று திரும்பவேண்டும். கோப்பைத் தொடக்கூடாது, அச்சிடக்கூடாது, எக்சிட் அழைக்கக்கூடாது. லினக்ஸில் கொடிக்கு வொலட்டைல் வகை மாறி போதும், ஒரே இழைதானே. இங்கே இரண்டு இழைகள், ஆகவே அணுநிலைச் செயல் கட்டாயம். எண்ணி 3ஐத் தொட்டால் கையாளி "பொய்" என்று திரும்பும். இயல்புக் கையாளி செயன்முறையை முடிக்கும். வலையமைப்புப் பகிர்வு தொங்கிப்போய்ப் பிரதான இழை வாசிப்பில் சிக்கிய வேளையில், வேலை செய்பவருக்கு வெளியேற ஒரு வழி வேண்டும்.

பிரதான இழை ஒவ்வொரு கோப்புக்கு முன்னும், கோப்புக்குள் 64 கிலோபைட்டுக்கு ஒரு தடவையும் எண்ணியைப் பார்க்கிறது. உயர்ந்திருந்தால் தானே கோப்பை மூடி, அதன் பின் தற்காலிகக் கோப்பை நீக்குகிறது. மூடிய பின் நீக்குவதால் 32ஆம் எண் பிழை வருவதில்லை. உறக்கம் இருந்த இடத்தில், நிகழ்வுப் பொருளுக்காக 30000 மில்லிவிநாடி காத்திருக்கும் வெயிட்ஃபோர்சிங்கிள்ஒப்ஜெக்ட். அழுத்திய கணமே எழும்.   

கேள்வி கேட்கும் இடத்தில் எஃப்கெட்ஸ் நீக்கப்பட்டு, ரீட்கொன்சோலின் அகல எழுத்து வடிவம் வந்தது. தமிழில் தட்டும் பதிலும் இதனால் சிதையாமல் யூடிஎஃப்-16இல் கிடைக்கிறது. வரிசை முக்கியம்: முதலில் கடைசிப் பிழை எண்ணைப் பூச்சியமாக்கு. வாசி. பூச்சியம் எழுத்து வந்தால், வேறெந்தச் சார்பையும் அழைக்குமுன் பிழை எண்ணை எடு. 995 என்றால் நிகழ்வுப் பொருளுக்காக 100 மில்லிவிநாடி வரை காத்திரு. கையாளி இழை வந்துசேர அது தாராளம். வந்தாலும் வராவிட்டாலும் இதைக் கோப்பின் முடிவாக எடுக்காதே. கொன்சோலில் உண்மையான முடிவு, வரியின் தொடக்கத்தில் கொன்ட்ரோல்-இசட் தட்டி என்டர் அழுத்துவது. அது 26 என்ற எழுத்தாக வரும், செய்நிரலே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளீடு கொன்சோல் அல்ல, குழாய் அல்லது கோப்பு என்றால் பழைய வாசிப்பே சரி. கெட்கொன்சோல்மோட் தோற்றால் அது கொன்சோல் அல்ல.

சாளரத்தின் மூடும் பொத்தானுக்கும் இதே கையாளிதான் அழைக்கப்படும், ஆனால் வேறு விதி. அங்கே கையாளி திரும்பியதும் செயன்முறை முடிக்கப்படும். திரும்பாவிட்டாலும் இயல்பாக 5 விநாடியில் முடிக்கப்படும். ஆகவே மூடல் நிகழ்வு என்றால் கையாளி எண்ணியை உயர்த்திவிட்டு, "துப்புரவு முடிந்தது" என்னும் இன்னொரு நிகழ்வுப் பொருளுக்காக 4 விநாடி காத்திருக்கிறது. 64 கிலோபைட்டுக்கு ஒரு முறை பார்ப்பதால் அந்த அவகாசம் போதும்.

விடைகளைப் பக்கம் பக்கமாகக் காட்ட வெளிச் செய்நிரலை அழைக்கும் இடமும் கவனம் வேண்டியது. யுனிக்ஸின் சிஸ்டம் சார்பு, பிள்ளைச் செயன்முறை முடியும்வரை தாய்ச் செயன்முறையில் சிக்இன்ட்டைப் புறக்கணிக்கச் செய்கிறது. விண்டோஸில் நிகழ்வு இரண்டுக்கும் போகும். வெற்றுக் கையாளியைப் பதிந்து கொன்ட்ரோல்-சியைப் புறக்கணிக்கும் வழி ஒன்று உண்டு. அந்த நிலை பிள்ளைக்கும் மரபாகப் போகும், பிள்ளையையும் நிறுத்த முடியாது. ஆகவே "பிள்ளை ஓடுகிறது" என்ற கொடி ஒன்று. அது உயர்ந்திருக்கும்போது கையாளி எண்ணியைத் தொடாமல் "உண்மை" என்று திரும்பும்.

சுட்டியைப் பொறுத்தவரை, எந்தத் துப்புரவையும் நம்பாமல் இருப்பதே நல்லது. யூபிஎஸ் முற்றாக இறங்கினால் கையாளியே ஓடாது. புதிய சுட்டி தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதப்பட்டு, ஃபிளஷ்ஃபைல்பஃபர்ஸ் மூலம் தட்டுக்குத் தள்ளப்பட்டு, மூடப்பட்டு, பிறகு மூவ்ஃபைல்எக்ஸ் மூலம் பழையதன் இடத்தில் வைக்கப்படுகிறது. "இருப்பதை மாற்று", "எழுதி முடித்த பின்பே திரும்பு" என்ற இரண்டு தெரிவுகளும் வேண்டும். சி நூலகத்தின் ரீநேம், இலக்குக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் விண்டோஸில் மறுத்துவிடும். மிஞ்சிய தற்காலிகக் கோப்புகளை அடுத்த தொடக்கத்தில் செய்நிரல் நீக்கும்.

வெளியேறும் குறியீடு இரண்டு முறைமைகளிலும் 130 என்று வைக்கப்பட்டது. தொகுதிக் கோப்பின் சோதனையும் "0 அல்லாத எதுவும் பிழை" என்று மாற்றப்பட்டது. மூன்றாம் அழுத்தலில் அந்த எதிர்ம எண் இன்னும் வரக்கூடும்.

சோதிக்கும்போது

கையால் அழுத்திப் பார்ப்பது போதாது, நேரப்போட்டிப் பிழைகள் அகப்படமாட்டா. ஜெனரேட்கொன்சோல்கொன்ட்ரோல்ஈவென்ட் மூலம் நிகழ்வை உண்டாக்கலாம். ஆனால் கொன்ட்ரோல்-சியை ஒரு குறிப்பிட்ட செயன்முறைக் குழுவுக்கு மட்டும் அனுப்ப முடியாது. குழு எண் 0 என்று கொடுத்தால் கொன்சோலில் உள்ள எல்லாருக்கும் போகும், சோதனைச் செய்நிரலுக்கும் சேர்த்து. ஆகவே சோதனைச் செய்நிரலைத் தனிக் கொன்சோலில் ஓட்டி, அதற்கும் "உண்மை" என்று மட்டும் திரும்பும் ஒரு கையாளி வைக்கவேண்டும். புதிய குழுவாகத் தொடங்கினால் கொன்ட்ரோல்-சி அந்தக் குழுவுக்கு இயல்பாகவே அணைக்கப்பட்டுவிடும். "அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்ற முறைப்பாடு வந்தால் முதலில் பார்க்கவேண்டியது, செய்நிரலை யார் தொடங்கினார்கள் என்பதை. செய்நிரல் தானே அதை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம், ஆனால் வழக்கமாக அப்படிச் செய்வது சரியல்ல. தொடங்கியவர் வேண்டுமென்றே அணைத்திருக்கலாம். சோதனைக்கான தெரிவு கொடுத்தால் மட்டும் இயக்கலாம்.

கேள்வியில் நிற்கும்போது, கோப்பின் நடுவில், சுட்டியை இடம்மாற்றும் கணத்தில், உறக்கத்தில், பிள்ளை ஓடும்போது என்று ஐந்து இடத்திலும் நூற்றுக்கணக்கான தடவை அனுப்பிப் பார்க்கவேண்டும். கிட் பாஷ் என்னும் யுனிக்ஸ் பாணிக் கட்டளைவரியின் மின்டிட்டி சாளரத்தில் பார்ப்பதைச் சோதனையாக எடுக்கக்கூடாது. அங்கே விண்டோஸ் செய்நிரல் கொன்சோலுக்குப் பதில் குழாயைக் காணக்கூடும். கொன்ட்ரோல்-சி கையாளிக்கு வருமா, நேரே கொல்லுமா என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். அச்சகத்தில் சிஎம்டி சாளரத்திலேயே ஓட்டவேண்டும் என்று குறுக்குவழி ஒன்று திரையில் வைக்கப்பட்டது.

ஏற்கெனவே தவறாக முடிந்த கோப்புகளைத் தேடுவதற்குச் சுட்டியின் "முடிந்தது" என்ற குறி உதவாது. யுனிகோடுப் பாடத்தில் (எண்கள் தசமக் குறியீட்டெண்கள்) 3014 என்ற எகரக் குறியை அடுத்து 2995 என்ற ளகரம் வந்து, அதன் பின் 3006இலிருந்து 3021 வரையான உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத ஒவ்வோர் இடத்தையும் பட்டியலிட வேண்டும். சரியாக மாற்றப்பட்டிருந்தால் அங்கே 3020 இருக்கும். ஆள் பார்த்து "இருக்கட்டும்" என்று விட்ட இடங்களும் இந்தப் பட்டியலில் வரும் என்பதால் தானியங்கியாகத் திருத்தக்கூடாது. வந்த கோப்புகளின் "முடிந்தது" குறியை அகற்றி, மறுபடி கேள்விகளின் வழியே அனுப்பவேண்டும்.